தங்கையின் நோயும் தமக்கையின் தவமும்

வன்னிக் காட்டு வழியே செல்பவர் புற்றொன்றைக் கண்டால் சற்றே ஒதுங்கி நடப்பர். உள்ளே நாகம் இருத்தல் கூடும் என்னும் அச்சம் ஒருபுறம். தெய்வம் உறையும் இடம் என்னும் பக்தி மற்றொருபுறம். புளியங்குளத்தை அடுத்த புதூரில் நாகதம்பிரானை வழிபடத் திரளும் அடியார் கூட்டத்தை அறியாதார் வன்னியில் இலர். அந்தப் புற்றின் பெயரையே கொடியதொரு நோய்க்கும் இட்டு வழங்குகின்றோம். உள்ளே இருப்பது இன்னதென வெளியே நிற்பவர்க்குப் புலப்படாமை இரண்டற்கும் பொது. அதனாற்றான் போலும், அந்நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் நம்மவர் அஞ்சுவர். அந்த வருத்தம் என்று மட்டும் தாழ்ந்த குரலிற் சொல்லி, மேலே பேசாது விடுவர். வீட்டிலே மணமாக வேண்டிய பெண்பிள்ளைகள் இருப்பின் அந்தச் சொல்லும் வெளிவருவதில்லை.

இவ்வச்சம் நோயாளரை மாத்திரம் பற்றுவதன்று. நல்ல உடல்நலத்தோடு இருப்பவரும், அயலிலே ஒருவர் அந்நோயால் மாண்டார் என்று கேட்டவுடன் தம் உடலைத் தாமே தடவிப் பார்க்கின்றனர். எனக்கும் வருமோ, வந்தால் என் செய்வேன், வாராது காக்க என்னால் இயலுமோ என்னும் வினாக்கள் உறக்கத்தைக் கெடுக்கின்றன. இவற்றிற்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்குகின்றன. எல்லாம் தலைவிதி, நம் கையில் ஒன்றுமில்லை என்பது ஒன்று. எல்லாம் நம் கையிலேயே உள்ளது, ஒழுங்காக வாழ்ந்தவனுக்கு நோய் வாராது என்பது மற்றொன்று. முன்னையது மனிதனை முயலாது இருத்துகின்றது. பின்னையதோ, நோயுற்றவனைக் குற்றவாளியாக்குகின்றது. வள்ளுவர் பெருந்தகை 38ஆம் அதிகாரமாக ஊழை வைத்து, 62ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமையை வைத்தார். ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுமாறு அவர் நமக்குக் கூறவில்லை. இரண்டும் உண்மையாயின், இரண்டிற்கும் இடையே மனிதன் வாழ்வது எங்ஙனம்? இதற்கு விடையாக அமைந்த ஒரு வாழ்க்கையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கை.

அம்மையார் 1886ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்வித் துறையிற் புகழ் பெற்றவர். தாயார் சந்திரம்மாள், கோயிற் பணிக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நிலவிய இசைமரபைச் சேர்ந்தவர். இப்பிறப்பை அம்மையார் தாமே தேர்ந்துகொள்ளவில்லை. ஒருவர் எக்குடியிற் பிறப்பார் என்பது அவர் கையில் இல்லை. ஆயின் அப்பிறப்புக்கு ஊரார் வகுத்துவைத்த வழியிலேதான் நடக்கவேண்டுமா என்பது வேறு வினா. புதுக்கோட்டை மகாராசாக் கல்லூரி அந்நாளில் ஆண்களுக்கென்றே இருந்தது. அங்கே ஒரு பெண் சேர்ந்து கற்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். கல்லூரியின் முதல் மாணவியாக அவர் உள்ளே நுழைந்தார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். ஆண்பிள்ளைகள் இருவர் பிறந்தனர். கைராசியான மகப்பேற்று வைத்தியர் என்று பெயர் பெற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டி, அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அங்ஙனம் வாழ்ந்திருந்தால் அவர் பெயரை இன்று நாம் பேசிக்கொண்டிருக்கமாட்டோம்.

1920களின் முற்பகுதியிலே அவர் குடும்பத்தில் ஓர் இடி விழுந்தது. அவருடைய இளைய சகோதரி நோயுற்றார். வயிற்றுளைச்சல் என்றே அது முதலிற் கருதப்பட்டது. அதற்குரிய மருந்துகள் கொடுக்கப்பட்டன. உண்மையில் அது குதவாயிற் கண்ட புற்றுநோய். மெய்யான நோய் இன்னதெனத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தங்கை, தமக்கையின் கண்முன்னே வருந்தி வருந்தி உயிர் நீத்தார்.

இதனை வாசகர் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோயாளி ஒரு வைத்தியரின் உடன்பிறந்தவர். பொருளில்லாக் குறையோ, கல்வியில்லாக் குறையோ அக்குடும்பத்திற்கு இல்லை. சென்னைப் பட்டணத்திலே பேர்பெற்ற வைத்தியர்கள் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருந்தனர். இருந்தும் அந்த உயிரைக் காக்க இயலவில்லை. அறிவு உண்டாயின் எல்லாம் நம் ஆணைக்கு அடங்கும் என்று எண்ணுவோர் அந்தப் படுக்கையருகே நின்றிருந்தால் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டிருப்பர். அம்மையாரின் உள்ளம் எத்துணைத் துயர் உற்றிருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். ஆயின் அதன்பின் அவர் செய்தவை ஊகம் அல்ல.

1925இல் மேற்படிப்பின் பொருட்டு அவர் இலண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நோய்களைப் பற்றிக் கற்பதே பயணத்தின் நோக்கம். அங்கே புற்றுநோய்க்கென்றே தனியாக இயங்கிய இராயல் புற்றுநோய் வைத்தியசாலையை அவர் கண்டார். அந்த வைத்தியசாலையின் பிறப்பும் ஒரு துயரக் கதையே. வில்லியம் மார்ஸ்டன் என்னும் வைத்தியர் தம் மனைவியை 1846இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மனைவியைக் காக்க இயலாத அந்தக் கணவர் 1851இல், புற்றுநோயாளருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, நமது அம்மையார் கண்ட வைத்தியசாலையாக நின்றது. தங்கையை இழந்த துயர் ஆறாத நெஞ்சோடு சென்ற அவர், அதே துயரிற் பிறந்த ஒரு நிலையத்தின் வாயிலில் நின்றார். தம் நாட்டிலும் இத்தகைய ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

நிற்க. தாயகம் திரும்பிய அவருக்கு வேறு பணிகள் காத்திருந்தன. சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, 1927இல் அதன் உபதலைவராகவும் தெரிவானார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடுத்த போர் தமிழுலகம் நன்கறிந்தது. 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது சட்டசபைப் பதவியை உதறினார். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு அவ்வை இல்லத்தை அமைத்தார். பொட்டுக்கட்டும் வழக்கைத் தடுக்கும் முழுமையான சட்டம் 1947இல் நிறைவேறிற்று. தம் பிறப்பைப் பற்றி அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் இனிப் பிறக்கும் பெண்பிள்ளைகளுக்கு அந்த நிலை வாராது தடுக்க இயன்றது. நோயைப் பற்றியும் அவர் கொண்ட நோக்கு இத்தகையதே என்பதை வாசகர் ஈண்டு உய்த்துணர்க.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அவ்விழாவிலே, புற்றுநோய்க்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்னும் தம் எண்ணத்தை அம்மையார் வெளியிட்டார். அன்று அதனை ஏற்றுக்கொண்டவர் சிலரே. புற்றுநோய் வந்தவர் இறப்பது உறுதி, இறக்கப் போகிறவருக்குத் தனியாக ஒரு வைத்தியசாலை எதற்கு என்பது அதிகாரத்தில் இருந்தோர் சிலரின் கருத்தாயிருந்தது. ஊழின் மேற் பாரத்தைப் போடும் பழக்கம் படியாத கிராமத்தாருக்கே உரியது என்று எண்ணுதல் தவறு. கோட்டையிலே கோப்புகளுடன் அமர்ந்திருப்போருக்கும் அது உண்டு.

பம்பாயிலே 1941இல் தாத்தா நினைவு வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதன் பின்னணியிலும் ஒரு மரணம் உண்டு. தோராப்ஜி தாத்தாவின் துணைவியார் மேகர்பாய் அம்மையார் 1931இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவர் நினைவாகப் பிறந்த எண்ணமே அக்கட்டடமாயிற்று. தாத்தா குடும்பத்திடம் பெருநிதி இருந்தது. முத்துலட்சுமி அம்மையாரிடம் இருந்ததோ அலுக்காத கால்கள். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பிலே புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. பலர் ஓய்வெடுக்கும் வயதிலே அவர் நிதி திரட்டப் புறப்பட்டார். செல்வரிடமும் சென்றார், சிறுதொகை தருவோரிடமும் சென்றார்.

1952ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆந் திகதி, பிரதமர் நேரு அடையாற்றிலே அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி புற்றுநோய் நிலையம் நோயாளரை ஏற்கத் தொடங்கிற்று. பெருமாளிகை ஒன்றை எண்ணிக்கொள்ள வேண்டா. எளிய சிறு கட்டடம், பன்னிரண்டு படுக்கைகள். வெளிநாட்டிற் பயிற்சி பெற்று வந்த அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த இளம் வைத்தியர் சாந்தாவும் அதற்குத் தூண்களாயினர். 1950களின் பிற்பகுதியிலே, கனடாவிலிருந்து வந்த கோபால்ற் கதிர்வீச்சுக் கருவி அங்கே நிறுவப்பட்டது. வறியவர் பணமில்லை என்று திருப்பி அனுப்பப்படலாகாது என்னும் நெறி அங்கே நிலைத்தது.

தங்கை மறைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்தே தமக்கையின் எண்ணம் கட்டடமாயிற்று. 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. 1968ஆம் ஆண்டு யூலை 22ஆந் திகதி, எண்பத்திரண்டாம் அகவை நிறையச் சில நாட்களே இருக்க, அம்மையார் கண்மூடினார். அவர் தொடங்கிய பணியை டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010இல் மறையும் வரையும், டாக்டர் சாந்தா 2021இல் மறையும் வரையும் தொடர்ந்தனர். பன்னிரண்டு படுக்கைகள் நூற்றுக்கணக்கான படுக்கைகளாகப் பெருகின. ஈழநாட்டிலிருந்தும் கடல் கடந்து அடையாறு சென்று சிகிச்சை பெற்றோர் பலர்.

இவ்வாழ்க்கை, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு என்ன விடை கூறுகின்றது?

புற்றுநோய் வருவதற்குரிய காரணங்களுட் சில நம் கைக்கு எட்டாதன. முதுமை அவற்றுள் முதன்மையானது. பெற்றோர் வழியாக வரும் உடற்கூறு மற்றொன்று. நம் உடலின் கணக்கற்ற உயிரணுக்கள் இடையறாது பிரிந்து பெருகுகையில் நேரும் பிழை இன்னொன்று. வெற்றிலையைத் தொட்டறியாதவருக்கும், மதுவை முகர்ந்தறியாதவருக்கும், சிறு குழந்தைக்கும் இந்நோய் வருகின்றது. ஆதலின் நோயுற்ற ஒருவரைப் பார்த்து, நீ என்ன செய்தாய் என்று வினவுதல் அறமன்று, அறிவும் அன்று.

கைக்கு எட்டுவனவும் உள. புற்றுநோய்களில் மூன்றிலொரு பங்கு தொடக்கம் பாதிவரை தடுக்கக் கூடியன என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவற்றுட் பெரும்பழி புகையிலையின் மேலது. இலங்கையிலே ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலைத் தட்டமின்றி விருந்தோம்பல் நிறையாது என்று எண்ணும் நம் கிராமங்களுக்கு இச்செய்தி கசக்கும். புகையிலை இல்லாது வெறும் பாக்கை மெல்லுதலும் தீதே என்று, சருவதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூல் அறிவித்தது. வயல் வேலைக்கிடையே களைப்பாற வாயில் அடக்கும் புகையிலைத் துண்டும், மாலையிற் பற்றவைக்கும் சுருட்டும் தொழிலாளியின் துணைவர் போலத் தோன்றிப் பகைவராய் முடிகின்றன. பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிமருந்து, 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்புச் சிறுமியருக்கு இலவசமாக இடப்பட்டு வருகின்றது. அம்மையார் காலத்தில் இத்தகைய மருந்தைக் கனவிலும் கண்டிலர்.

இவ்விரண்டற்கும் இடையே மூன்றாவதொரு பகுதி உண்டு. அதுதான் காலம். நோய் வருதல் நம் கையில் இல்லாதிருப்பினும், வந்ததை வேளையோடு அறிதல் ஓரளவு நம் கையில் உண்டு. இரண்டு மூன்று கிழமைகளாகியும் ஆறாத வாய்ப்புண், வாயினுள்ளே வெண்மையாகவோ சிவப்பாகவோ படரும் படலம், வாயை முன்போல் அகலத் திறக்க இயலாமை, மார்பிலே புதிதாகத் தட்டுப்படும் கட்டி, காரணமின்றிப் போகும் குருதி: இவற்றுள் ஒன்றேனும் கண்டால் வைத்தியரிடம் செல்லவேண்டும். அது பெரும்பாலும் புற்றுநோயாக இராது. ஆயினும் அல்ல என்று சொல்ல வேண்டியவர் வைத்தியரே. முப்பத்தைந்து வயதை எட்டிய பெண்களைப் பரிசோதிக்கும் கிளினிக்குகள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளைச் சார்ந்து 1996 முதல் நம் நாட்டில் நடைபெறுகின்றன. அங்கே செல்ல நாணுவதால் இழக்கப்படும் உயிர்கள், ஊழால் இழக்கப்பட்டவை ஆகா. அம்மையாரின் தங்கையும் இந்தப் பகுதியிலேதான் தோற்றார். நோயின் பெயர் தெரிய வந்தபோது நேரம் இருக்கவில்லை.

ஆயின், காலம் என்பதும் தனிமனிதன் ஒருவன் கையில் மாத்திரம் இருப்பதன்று. வன்னி மக்களுக்கு இதனைச் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, நோயை முன்கூட்டியே அறிந்தவருக்கும் வைத்தியம் தேடிச் செல்லுதல் அரிதாயிற்று. கட்டியைக் கண்டது நோயாளியின் விழிப்பு. வழியை மூடியது போர். அத்தகைய வேளையிலே இறந்தவரைப் பார்த்து, காலந் தாழ்த்தினாய் என்று எவர் சொல்லத் துணிவர்? வீதி திறந்த பின்னும், முல்லைத்தீவிலிருந்து கொழும்பை அடுத்த மகரகமைக்குச் செல்லும் ஏழைக் குடும்பத்திற்குப் பேருந்துக் கட்டணமும், இழந்த நாட்கூலியும், தங்குமிடக் கவலையும் நோயினும் பெரிய பாரமாயின.

அந்த நிலையில் ஒரு மாற்றமும் பின்னர் நேர்ந்தது. 2011இல், நாட்டின் தென்கோடியாகிய தெய்வேந்திர முனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை, மூவினத்தாரும் கலந்துகொண்ட நிதிதிரட்டும் நடைப்பயணம் ஒன்று நடைபெற்றது. தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதே அதன் நோக்கம். போரின் வடு ஆறாத வன்னியையும் அந்நடை கடந்தது. 2013இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. மகரகமையை நோக்கிய நெடும்பயணம் பலருக்குத் தெல்லிப்பழையளவிற் குறுகிற்று. அறுபத்து மூன்று வயதிலே அம்மையார் நிதி திரட்ட நடந்த நடையின் எதிரொலி இதில் கேட்கின்றது எனின் மிகையாகாது.

இப்பொழுது விடை ஒருவாறு தெளிவாகின்றது. என் உடலில் நோய் வருமோ வாராதோ என்பதில் எனக்குள்ள ஆட்சி சிறிது. அச்சிறிதையும் புகையிலைக்கும் நாணத்துக்கும் விட்டுக்கொடுத்தல் பேதைமை. ஆயினும் என் அயலார்க்கு நோய் வருங்கால் அவருக்கு ஒரு வைத்தியர், ஒரு படுக்கை, ஒரு வழி, ஒரு நல்ல சொல் இருக்குமா என்பதில் எனக்குள்ள ஆட்சி, நான் எண்ணுவதினும் பெரிது. தனிமனிதனாக நின்று பார்க்கும்போது ஊழாகத் தோன்றும் ஒன்று, சமுதாயமாக நின்று பார்க்கும்போது செய்யாது விட்ட கடமையாகத் தோன்றுவதும் உண்டு. முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கையின் மரணத்தை அங்ஙனம் இரண்டாகப் பகுத்துக் கண்டவர் என்பதை அவர் செயல்கள் காட்டுகின்றன. மீட்க முடியாததற்கு அழுதார். திருத்தக் கூடியதற்கு முப்பது ஆண்டு உழைத்தார்.

அச்சத்தை அறவே நீக்கும் மருந்து எவரிடமும் இல்லை. நேர்த்திக்கடன் வைப்போர் வைக்கட்டும். வற்றாப்பளை அம்மனை நோக்கிக் கைகூப்புவோர் கூப்பட்டும். மனத்துக்கு அது ஆறுதல். கூப்பிய கையோடு வைத்தியசாலைப் படியையும் ஏறுதல் வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. ஆசிரியர்களாகிய வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். வகுப்பறையிலே இந்நோயின் பெயரை அஞ்சாது சொல்லுங்கள். அது தொற்றும் நோயன்று, பாவத்தின் சம்பளமும் அன்று என்று சொல்லுங்கள். வீட்டிலே பாட்டியின் வாய்ப்புண் ஆறவில்லையாயின் அதனை மறைக்காது சொல்லவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளுள் ஒருத்தி ஓர் அன்னையை வேளையோடு வைத்தியரிடம் அழைத்துச் செல்வாளாயின், தன் தங்கையைக் காக்க இயலாது நின்ற அந்தத் தமக்கையின் தவம் வன்னி மண்ணிலும் பலித்ததாகும்.